நாள் தள்ளிப் போயிருக்கு!

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். ஆணி கம்மியா இருக்கற நாளா பாத்து உக்காந்து படிங்க. ஆண் மக்களும் படிக்கலாம். சொல்லப்போனா அவங்கதான் முதல்ல படிக்கணும் :-)

"உங்கள் நாள் ஐந்து நாட்கள் தள்ளிப் போயிருக்கிறது."

செல்போன்ல ஒரு ஆப் இப்படி ஒரு நோட்டிபிகேஷன் அனுப்புதுன்னு வெச்சுக்குங்க. இங்கிலீஷ்ல 'யுவர் பீரியட் இஸ் லேட்'. ரொம்ப சாதாரண வாக்கியம். மொழிபெயர்ப்பும் தப்பில்லை, இலக்கணமும் சரி. ஆனா நம்ம ஊர்ல 'நாள் தள்ளிப் போயிருக்கு'ங்கறதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கல்யாணமாகி வந்த பொண்ணோட போன்ல வந்தா மாமியார் பாயசத்துக்கு அடுப்பு பத்த வெச்சிடுவாங்க. பத்தாவது படிக்கிற பொண்ணோட போன்ல வந்து, அதை அப்பா எடுத்துப் படிச்சா? அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்க.

ஆறேழு மாசமா சனி, ஞாயிறுல ஒரு மாதவிடாய் ஆப் எழுதிக்கிட்டிருக்கேன். காசு பண்றதுக்கு இல்லை, பிளே ஸ்டோர்ல போடறதுக்கும் இல்லை. எங்க வீட்டுப் பெண்களுக்காக. நான், தங்கச்சி, சித்தி பொண்ணுங்க ரெண்டு பேர், கடலோரத்துல இருக்கற ஒரு அத்தை (அம்மாவோட சிநேகிதி, சின்ன வயசுல இருந்தே அத்தைதான்). மொத்தம் அஞ்சு பயனாளர்கள். அஞ்சு பேருக்கும் அஞ்சு விதமா வேணும். அதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன்.

எங்க ஊர் திருப்புல்லாணி. ராமநாதபுரத்துல இருந்து பத்து கிலோமீட்டர். 108 திவ்யதேசத்துல ஒண்ணு. பிள்ளை இல்லாதவங்க எங்கெங்கிருந்தோ வந்து சேதுக்கரையில குளிச்சு, நாகப் பிரதிஷ்டை பண்ணி, பாயசப் பிரசாதம் வாங்கிக் குடிச்சிட்டுப் போவாங்க. பிள்ளை வரத்தை சன்னதியில நின்னு சத்தமா கேக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அடிப்படையான மாசக் கணக்கை மட்டும் வீட்டுக்குள்ள கூட சத்தமா பேசக்கூடாது. என்ன நியாயமோ!

ஆனா கணக்கு இல்லாம இல்லை. எங்க அம்மாவோட மாச காலண்டரைப் பாத்தா தெரியும். பால் வராத நாளுக்கு பெருக்கல் குறி, கேஸ் சிலிண்டர் வந்த நாளுக்கு வட்டம், இதுக்கு மட்டும் ஓரத்துல சின்னதா ஒரு பேனா புள்ளி. யாருக்கும் புரியாது, எங்க அம்மாவுக்கு மட்டும் புரியும். நெட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். இதைவிட நல்ல டிசைனை எந்தக் கம்பெனியும் பண்ணலை. ஒரே ஒரு குறை. ஜனவரி 1 அன்னிக்கு மொத்த டேட்டாபேஸும் எடைக்குப் போயிடும் :-)

பெரிய கம்பெனிங்க மட்டும் என்ன கிழிச்சாங்கன்னு கேக்காதீங்க. ஆப்பிள் 2014-ல ஹெல்த் ஆப் விட்டப்போ ரத்த அழுத்தத்துல இருந்து சாப்பாட்டுல எவ்வளவு சோடியம்ங்கறது வரைக்கும் குறிச்சு வெக்க இடம் இருந்தது. மாதவிடாய்க்கு மட்டும் இடம் இல்லை. ஊரே கத்தின பிறகு 2015-லதான் சேர்த்தாங்க.

*

முதல் சிக்கல், என்ன வார்த்தை போடறதுங்கறது.

மாதவிடாய்னா பாடப்புத்தகம். மாதவிலக்குன்னா அந்த வார்த்தைக்குள்ளயே 'விலக்கு' உக்காந்திருக்கு. தீட்டுங்கறதை நான் சேர்க்கறதா இல்லை. 'வீட்டுக்குத் தூரம்'னு அப்பத்தா சொல்லுவாங்க. தங்கச்சிக்கு 'பீரியட்ஸ்'. சித்தியோட சின்னப் பொண்ணு, பதிமூணு வயசு, அவளைக் கேட்டா "அது"ங்கறா. அவ்வளவுதான், அதுக்கு மேல வார்த்தை இல்லை. அதனால ஆப்பைத் திறந்ததும் முதல் கேள்வியே 'நீங்க இதை எப்படிச் சொல்வீங்க?'தான். அவங்க எழுதற வார்த்தையைத்தான் அதுக்கப்புறம் ஆப் முழுக்க காட்டும். சின்னவளுக்கு 'அது வர இன்னும் 6-10 நாள் இருக்கலாம்'னுதான் வரும்.

அடுத்தது 'தலைக்குக் குளிச்சாச்சா?'. டாக்டரம்மாவே சில சமயம் "கடைசியா எப்ப குளிச்சே?"ன்னுதான் கேப்பாங்க. நம்மாளுங்களும் குளிச்ச தேதியைச் சொல்லிடுவாங்க, அதாவது மூணாவது நாளை. மருத்துவக் கணக்கு ரத்தப்போக்கு தொடங்கின முதல் நாள்ல இருந்துதான். பிரசவத் தேதிக்கு அங்கிருந்துதான் 280 நாள் எண்ணுவாங்க. தமிழ்ல சும்மா 'தேதி'ன்னு கேட்டா ரெண்டு மூணு நாள் பிசகும். அதனால 'முதல் முதலா கறை பட்ட நாள் எது?'ன்னு நேராவே கேட்டுட்டேன். மொழிபெயர்ப்புன்னா வார்த்தைக்கு வார்த்தை மாத்தறது இல்லை மக்கா, கணக்கையும் சேர்த்து மாத்தணும்.

*

ரெண்டாவது, அடுத்த தேதியைக் கணிக்கறது.

எல்லா ஆப்பும் 28 நாள்ல ஆரம்பிக்குது. 2019-ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல 6,12,613 சுழற்சிகளை எடுத்துக் கணக்குப் பாத்தாங்க. சராசரி 29.3 நாள். சரியா 28 நாள்ல வந்தது நூத்துக்கு 13 தான். அதாவது 28-ங்கற எண்ணை நம்பி 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?'ன்னு பயப்படற பொண்ணுங்கதான் மெஜாரிட்டி! வயசுக்கு வந்து முதல் ரெண்டு மூணு வருஷம் 21 நாள்ல இருந்து 45 நாள் வரைக்கும் மாறி மாறி வர்றது இயல்பு. சின்னவகிட்ட இதைச் சொன்னப்போ அவ முகத்தைப் பாக்கணுமே. ஒரு வருஷமா மனசுக்குள்ள வெச்சிருந்த பாரம் ஒரு வாக்கியத்துல இறங்குச்சு.

கொஞ்சம் பொட்டி தட்டற கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க. ஒருத்திக்கு அஞ்சு முறை இடைவெளி 26, 31, 28, 58, 29. அந்த 58 என்ன? நடுவுல ஒரு மாசம் குறிக்க மறந்துட்டா. பரீட்சை நேரம். சராசரி எடுத்தா 34.4. அடுத்த மாசம் ஆப் சொல்ற நாளுக்கு அஞ்சாறு நாள் முன்னாடியே வந்து ஸ்கூல்ல மாட்டிப்பா. சராசரிக்குப் பதிலா வரிசைப்படுத்தி நடுவுல இருக்கற எண்ணை எடுத்தா 29. சரியா வருது. பெரிய செயற்கை நுண்ணறிவு எல்லாம் வேண்டாம், எட்டாங்கிளாஸ் இடைநிலை போதும். கூடவே, 'சராசரி மாதிரி ரெண்டு மடங்கு இடைவெளி வந்தா, மறந்துட்டியா, நிஜமாவே வரலையா?'ன்னு ஒரு கேள்வி. நிஜமாவே வரலைன்னா அது கவனிக்க வேண்டிய விஷயம். அப்புறம் ஒரே ஒரு தேதி சொல்றதே இல்லை. 'இந்த நாலஞ்சு நாளுக்குள்ள' அவ்வளவுதான். ஒத்தைத் தேதி சொல்றது ஜோசியம்.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்ங்கறதுதான் உண்மையான பயன். ஏழு நாளைக்கு மேல நிக்காமப் போனா, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாப்கின் மாத்த வேண்டி வந்தா, 90 நாளைக்கு மேல வரவே இல்லைன்னா, 15 வயசாகியும் ஆரம்பிக்கலைன்னா காட்டணும். தேசிய குடும்ப நல ஆய்வுல (2019-21) தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. அதிகமாப் போறதும் அதுக்கு ஒரு காரணம். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு"ன்னு அம்மாக்கள் சொல்லிடறதால அது நோயாவே தெரியறதில்லை.

நாப்கின் எண்ணிக்கையையும் குறிக்க இடம் வெச்சிருக்கேன். 2012-ல தமிழக அரசு 'புதுயுகம்' திட்டத்துல கிராமத்துப் பொண்ணுங்களுக்கு இலவசமா நாப்கின் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அப்ப போட்ட கணக்கு வருஷத்துக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. வகுத்துப் பாத்தா மாசத்துக்கு 9. அஞ்சு நாளைக்கு 9-ன்னா ஒரு நாளைக்கு ரெண்டு கூட இல்லை. திட்டத்தைக் குறை சொல்லலை. அது வந்த பிறகுதான் எங்க ஊர்ப் பொண்ணுங்க பாதிப் பேர் துணியை விட்டாங்க. கோயமுத்தூர் முருகானந்தம் மெஷின் கண்டுபிடிச்சு, 2016-ல பத்மஸ்ரீ வாங்கினதையும் எல்லாரும் அறிவோம். பொருள் வந்து சேர்ந்திடுச்சு. தகவல்தான் இன்னும் பாக்கி.

*

இப்ப அத்தை கதை.

எங்க ஒன்றியத்துக் கடலோரக் குப்பங்கள்ல பெண்கள் பாசி எடுக்கப் போவாங்க. ஐஸ்கிரீமுக்கும் ஜெல்லிக்கும் போடற அகர்-அகர் எல்லாம் அதுல இருந்துதான். விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, விரல்ல துணி சுத்திக்கிட்டு, மன்னார் வளைகுடா பாறைகள்ல முங்கி முங்கி எடுக்கணும். தினமும் முடியாது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், தண்ணி வத்தி இருக்கும்போது மட்டும். மாசத்துக்கு அந்தப் பன்னெண்டு நாள்தான் சம்பளம்.

அந்த ஆறு நாளுக்குள்ள மாதவிடாய் வந்தா? கடல் தண்ணியில நாப்கின் உப்பி ஒண்ணுக்கும் உதவாது. மணிக்கணக்கா தண்ணியில நிக்கணும், மாத்த இடம் கிடையாது. ஒண்ணு அப்படியே போகணும், இல்லை கூலியை விடணும்.

ஒரு நாள் உக்காந்து கணக்குப் போட்டேன். நிலவோட மாசம் 29.5 நாள். நிலாவுக்கும் மாதவிடாய்க்கும் தெய்வீகத் தொடர்புன்னு கதை விடலை. ரெண்டும் தனித்தனி சக்கரம், அவ்வளவுதான். ஒருத்திக்கு 28 நாள் சுழற்சின்னா ஒவ்வொரு நிலவு மாசத்துக்கும் ஒன்றரை நாள் முன்னால நகரும். அஞ்சு நாள் போக்குன்னு வெச்சா, ஆறேழு மாசம் தொடர்ச்சியா வேலை நாளோட இடிக்கும், அப்புறம் மூணு மாசம் இடிக்காது. 29, 30 நாள் சுழற்சின்னா இன்னும் மோசம். ஒரு தடவை அமாவாசையில மாட்டிக்கிட்டா மாசக்கணக்கா அங்கேயே ஒட்டிக்கும். 'அவளுக்கு ராசி சரியில்லை, வேலைக்குப் போற நேரத்துக்குத்தான் வரும்'னு குப்பத்துல பேசிப்பாங்க. ராசி இல்லைங்க, வகுத்தல்!

அத்தைக்கு காலண்டர்ல அமாவாசை, பௌர்ணமி நாட்களை நிறம் போட்டு, மேல அவங்க தேதியையும் காட்டினேன். பெருமையா போனை நீட்டினா, "இது எனக்குத் தெரியாதாக்கும் தாயி"ன்னுட்டாங்க. கடலைப் பாத்தே தேதி சொல்றவங்க. ஆனா போனைத் திருப்பிக் கொடுக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "மூணு மாசமா ஒண்ணையும் காணோம். நின்னு போச்சா, வேற எதுவுமா?"ன்னு மெதுவா கேட்டாங்க. அவங்களுக்கு 46 வயசு.

நான் பாத்த எந்த ஆப்பும் இந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லலை. அதுகளுக்கு இருபது வயசுப் பொண்ணுதான் உலகம். தொடர்ந்து 12 மாசம் வரலைன்னாதான் 'நின்னுடுச்சு'ன்னு அர்த்தம். அதுவரைக்கும் விட்டு விட்டு வரலாம், கர்ப்பத்துக்கும் வாய்ப்பு இருக்கு. 12 மாசம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் உடனே டாக்டரைப் பாக்கணும், 'திரும்ப வந்திடுச்சு'ன்னு விடக்கூடாது. அத்தைக்காக ஒரு தனித் திரை போட்டேன்: 'வராத மாதங்கள்: 3'. அதைப் பாத்து மாசாமாசம் எண்றாங்க. அம்மா கூட ராமநாதபுரம் போய் ஒரு தடவை காட்டிட்டும் வந்தாங்க.

இன்னொண்ணு, கீழக்கரைத் தோழி கேட்டது. ரமலான்ல அந்த நாட்கள்ல நோன்பு இல்லை, பின்னாடி ஈடு செய்யணும். "விட்ட நோன்பு எத்தனைன்னு எண்ணி வெச்சா போதும்டி, ஒவ்வொரு வருஷமும் குழம்பிடறேன்"னா. பத்து வரி கோடு. எங்க அம்மாவுக்கோ ஒரே கேள்விதான்: "ஆடி அமாவாசைக்கு சேதுக்கரை போறோமே, தங்கச்சிக்கு அன்னிக்கு வருமா?" வரும்னா உடனே மெடிக்கல்ல தள்ளிப் போடற மாத்திரை. டாக்டரைக் கேக்காம அதை வாங்கி முழுங்காதீங்கன்னு ஆப்ல ஒரு வரி இருக்கு. அம்மா அந்த வரியை மட்டும் படிக்கறதே இல்லை.

*

கடைசியா, ரொம்ப யோசிக்க வெச்ச விஷயம். இந்தத் தகவல் யாரோடது?

ஃப்ளோன்னு உலகம் முழுக்க கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தற ஆப். ரகசியமா வெச்சுக்குவோம்னு சொல்லிட்டு, பயனாளர்களோட உடல் தகவலை பேஸ்புக், கூகுள் மாதிரி கம்பெனிகளோட பகிர்ந்ததா அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டி, 2021-ல சமரசம் ஆச்சு. அதே விவகாரத்துல 2025 ஆகஸ்ட்ல கலிபோர்னியாவுல ஒரு ஜூரி மெட்டா மேல தீர்ப்பு சொல்லிச்சு. நம்ம பெங்களூர்ல உருவான மாயா ஆப்பும் இப்படி பேஸ்புக்குக்கு தகவல் அனுப்பினதை பிரைவசி இண்டர்நேஷனல் 2019-ல வெளியே கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் அந்த பேஸ்புக் நிரலை எடுத்துட்டதா மாயா சொன்னாங்க.

அதனால எங்க வீட்டு ஆப் இன்டர்நெட் பெர்மிஷனே கேக்காது. அனுப்பணும்னு நினைச்சாலும் அதால அனுப்ப முடியாது. தானா நடக்கற பேக்கப்பையும் நிறுத்திட்டேன். போன் கடல்ல விழுந்தா எல்லாம் போச்சு. அதுக்கு ஒரு வழி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை 'நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க'ன்னு தேதிகளை மொத்தமா காட்டும். அம்மாவோட காலண்டருக்கே திரும்பி வந்தாச்சு :-)

ஆனா நம்ம பொண்ணுங்களுக்கு பேஸ்புக்கை விட பக்கத்து ரூம்தான் பெரிய பிரச்சினை. அதே 2019-21 ஆய்வுல, தானே பயன்படுத்த சொந்தமா செல்போன் வெச்சிருந்த இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். மத்தவங்களுக்கு அப்பா போன், அண்ணன் போன். யுனிசெப் 2020-ல இந்தோனேஷியா, மங்கோலியாவுல 'ஓக்கி'ன்னு ஒரு ஆப் விட்டாங்க. அந்த ஊர்ப் பொண்ணுங்களையே கூட உக்கார வெச்சு உருவாக்கினது. ஒரே போன்ல பல பேர் தனித்தனி பாஸ்வேர்டோட பயன்படுத்தலாம், நெட் இல்லாமலும் ஓடும், மூல நிரலும் திறந்தே இருக்கு. அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கிட்டேன். ஐகான்ல ரோஸ் பூ கிடையாது, சும்மா ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டிபிகேஷன்ல 'இன்னிக்கு ஒரு குறிப்பு இருக்கு'ன்னு மட்டும் வரும்.

இங்கதான் சித்தியோட சண்டை வந்தது. "சின்னவளோட தேதி என் போன்லயும் தெரியற மாதிரி பண்ணிக் கொடு"ன்னாங்க. நியாயமான கேள்விதான். பெத்தவங்க. நம்ம நாட்டுல 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயசுக்குக் கீழ எல்லாரையும் குழந்தைன்னு சொல்லி, பெத்தவங்க சம்மதத்தைத்தான் கேக்குது.

நான் முடியாதுன்னுட்டேன்.

காரணம் இருக்கு. மதுரை மாவட்டம் கூவலாபுரத்துல அந்த நாட்கள்ல பெண்கள் போய் இருக்கறதுக்குன்னே முட்டுத்துறைன்னு தனி வீடு இருக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச ராத்திரி, பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டுல, வயசுக்கு வந்ததால வீட்டுக்கு வெளிய குடிசையில இருக்க வெச்ச ஒரு சின்னப் பொண்ணு மரம் விழுந்து செத்துப் போச்சு. 2025 ஏப்ரல்ல கோவை மாவட்டத்துல ஒரு பள்ளியில எட்டாம் வகுப்புப் பொண்ணை வாசப்படியில உக்கார வெச்சுப் பரீட்சை எழுத வெச்சாங்க. இங்க எல்லாம் நடந்தது என்ன? ஒரு பொண்ணோட தேதி மத்தவங்களுக்குத் தெரிஞ்சது. அவ்வளவுதான். அதே தேதி அவ கையில இருந்தா, பையில நாப்கின் வெச்சுக்கிட்டுக் கிளம்புவா. அடுத்தவங்க கையில போனா, அவளை எங்க உக்கார வெக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க. தகவல் ஒண்ணுதான், கைதான் வேற.

சித்தி ரெண்டு வாரம் பேசலை. சித்தி யாரையும் குடிசையில உக்கார வெக்கற ஆள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனா அந்த வீட்டுல சாமி ரூம் கதவு யாருக்கு எப்ப சாத்தும்ங்கறதும் தெரியும். கடைசியில சின்னவளே ஒரு வழி சொன்னா. "நானே அம்மாவுக்கு காட்டறேன், எப்பக் காட்டணும்னு நானே பாத்துக்கறேன்." அதுக்காக 'இதைக் காட்டு'ன்னு ஒரு பட்டன் போட்டிருக்கேன். அழுத்தினா வலி எப்படி, எத்தனை நாள், எவ்வளவு போச்சுங்கற விவரம் மட்டும் ஒரு பக்கத்துல வரும், அடுத்து எப்ப வரும்ங்கறது வராது. போன மாசம் வலி தாங்காம அவளே அழுத்தி சித்திகிட்ட நீட்டியிருக்கா. சித்தி மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. எனக்கும் போன் பண்ணாங்க. ஆப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாங்க. போதும்.

சரி, இப்ப உங்க முறை. வார்த்தைப் பட்டியல்ல இதுவரைக்கும் பதினோரு சொல்தான் சேர்ந்திருக்கு. உங்க ஊர்ல, உங்க அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி, உம்மம்மா எல்லாம் இதுக்கு என்ன சொல்லுவாங்க? நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம், எங்கிருந்தாலும் எழுதுங்க. அசிங்கமா தோணுதேன்னு விட்டுடாதீங்க. தெரியாதுன்னா வீட்டுல கேட்டுட்டு வந்து எழுதுங்க. கேக்கறப்போ வீட்டுல என்ன நடந்ததுன்னும் சேர்த்து எழுதுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவ. மேல சொன்ன அளவுகள் பொதுவானவை. சந்தேகம்னா ஆப்பைக் கேக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.